எங்கேயோ இடிக்குது

முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். காதுக்கு நேரே போனை வைப்பதில் எங்கள் ஆபீஸ் லைன்கட் அக்காவை மிஞ்ச இந்தச் சென்னைப் பட்டணத்தில் அன்றைக்கும் ஆள் இல்லை, இன்றைக்கும் இல்லை. வருமான வரி அதிகாரியா, வங்கி மேனேஜரா, முதலாளியின் மாமனாரா, அவருக்குக் கவலையில்லை. வானத்தில் லேசாக ஒரு உருட்டல் கேட்டால் போதும். "இடிக்குது, வெச்சிடுங்க" என்பார். அடுத்த நொடி லைன் கட்.

தொண்ணூறுகளின் தொடக்கம். தி.நகரில் உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், தண்ணீர் பம்ப்செட் விற்கும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. மாடிப்படி ஏறியதும் முதலில் தெரிவது டெலிபோன் போர்டும், அதன் முன்னால் தலையில் ஹெட்போன் மாட்டிய அக்காவும்தான். போனில் அவர் குரல் வானொலிச் செய்தி மாதிரி இருக்கும். "வணக்கம், யாரிடம் பேச வேண்டும்?" என்று அட்சர சுத்தமாகக் கேட்பார். இடி இடித்ததும் அந்தக் குரல் மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுச் சந்துக்கு இறங்கிவிடும். "யோவ், வையா போன! பொயச்சி கெடந்தா நாளிக்கு பேசலாம்!"

போனோடு நிற்குமா என்றால் நிற்காது. மொட்டை மாடியில் தகரக் கொட்டகைக்குக் கீழே டிபன் பாக்ஸைத் திறந்தவர்களையெல்லாம் கையோடு இழுத்து வருவார். இடி ஓயும் வரை குழாயைத் தொடக் கூடாது. கணக்கர் மூர்த்தி ஒரு நாள் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போக, அக்கா குறுக்கே நின்றுவிட்டார்.

"இடி நிக்கட்டும், அப்பால கழுவிக்கலாம்."

"கை காயுதே அக்கா!"

"காஞ்சா பரவால்ல. கருகாம இருந்தா சரி."

அன்று இடி லேசில் நிற்கவில்லை. மூர்த்தி ஆசீர்வாதம் செய்கிற சாமியார் மாதிரி வலது கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்து ஒரு கஸ்டமர் கும்பிட்டுவிட்டும் போனார்.

இப்படிப்பட்ட அக்காவுக்கு வாய்த்த முதலாளியோ சந்தேகத்தில் பிறந்து சந்தேகத்தில் வளர்ந்தவர். டீ சூடாக இருந்தால் ஏன் இவ்வளவு சூடு என்று சந்தேகம். ஆறியிருந்தால் யார் பாதி குடித்தது என்று சந்தேகம். சீக்கிரம் வந்தவனையும் நம்ப மாட்டார், தாமதமாக வந்தவனையும் நம்ப மாட்டார். சந்தேகம் வந்துவிட்டால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எங்கேயோ இடிக்குதே!" என்பார். டிரைவர் மூன்றாவது முறையாக 'மெட்ராஸ் ஐ' வந்துவிட்டதென்று லீவு கேட்டபோது முதலாளி அதையே கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டார். வெளியே போர்டில் இருந்த அக்கா, கேட்ட மாத்திரத்தில் எல்லா லைனையும் பிடுங்கிவிட்டார். வெளியே சுள்ளென்று வெயில்.

இதெல்லாம் சிரிக்கிற சமாசாரமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, வேளச்சேரி விவகாரம் வரும் வரைக்கும்.

அப்போதுதான் வேளச்சேரியில் அடுக்குமாடிகள் முளைக்க ஆரம்பித்திருந்தன. ஒரு பில்டர், தான் கட்டும் எல்லாக் கட்டிடங்களுக்கும் எங்களிடமே பம்ப் வாங்குவதாக இருந்தார். அந்த வருஷத்திலேயே பெரிய ஆர்டர். ஒரு மத்தியானம் அவர் லைனில் வந்தார். முதலாளி தேனொழுகப் பேசிக்கொண்டிருந்தார். பில்டர் "சரி, அப்போ நான்..." என்று வாயெடுத்தார். நடுவில் அக்காவின் குரல்: "இடிக்குது, வெச்சிடுங்க." லைன் கட்.

முதலாளி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை. எதிர்மாடியில் யாரோ வடாம் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி பில்டரைப் பிடிப்பதற்குள், அடையாறில் இருந்த எங்கள் போட்டிக் கம்பெனி அந்த ஆர்டரைக் கொத்திக்கொண்டு போய்விட்டது.

முதலாளி என்னை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"வெயில் மண்டையைப் பிளக்குது. இவ இடிக்குதுங்கறா. கட் ஆன சூட்டோட ஆர்டர் அடையாறுக்குப் போவுது. எங்கேயோ இடிக்குதே! அடையாறுகாரன் இவளை வளைச்சுப் போட்டுட்டான்யா."

"நேரா கேட்டுடலாமே சார்?"

என்னை ஒரு புழுவைப் பார்ப்பது போலப் பார்த்தார். சந்தேகப்படுகிறவர்கள் நேராகக் கேட்கவே மாட்டார்கள். கேட்டால் பதில் கிடைத்துவிடுமே! "நீ போய் போர்டுக்குப் பக்கத்துல உக்காரு. என்ன பேசறா, யாரோட பேசறான்னு கவனி. விஷயம் மட்டும் உறுதியாகட்டும், அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்" என்றார்.

அந்தச் சம்பளத்தில்தான் அக்கா தன் வீட்டையும் தம்பி குடும்பத்தையும் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆனாலும் மேஜையை நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னா தம்பி, மொதலாளி என்னிய பாத்துக்கச் சொன்னாரா?"

"அதெல்லாம் இல்லக்கா... இங்க காத்து நல்லா வருது."

"நல்லா பாரு. ஆனா செவுத்த ஒட்டிகினு குந்தாத. உள்ள ஒயர் போவுது."

உளவு பார்த்ததில் எனக்கு ஒன்று தெரிந்தது. யார் கூப்பிட்டாலும் லைன் கொடுப்பதற்கு முன்னால் அக்கா ஒரு கேள்வி கேட்பார்: "உங்க பக்கம் மானம் எப்டி கீது?" தாம்பரம், பல்லாவரம், திருவான்மியூர், எந்த ஊராக இருந்தாலும் இதே கேள்விதான். வெளியூர்க் கஸ்டமர் ஒருவர், "என் மானத்துக்கு என்னம்மா குறைச்சல்?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். வானத்தைத்தான் கேட்கிறார் என்று நான் வாங்கிப் பேசிச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

இதை முதலாளியிடம் சொன்னதுதான் தாமதம், நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "சங்கேத பாஷை! மானம் இருட்டியிருக்குன்னா ஆள் இருக்கான்னு அர்த்தம். வெளுத்திருக்குன்னா பேசலாம்னு அர்த்தம். ரெண்டு பேரும் பேசி வெச்சிருக்காங்கய்யா! நானே பிடிக்கிறேன் பாரு."

அவர் போட்ட திட்டம் இது. சாயங்காலம் சீக்கிரமாகப் பெசன்ட் நகர் வீட்டுக்குப் போய்விடுவார். அங்கிருந்து, ரிசீவரில் கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டு, அடையாறு கம்பெனி ஆள் மாதிரி பேசுவார். அக்கா வாயைத் திறந்து ரகசியத்தைக் கொட்டுவார். இன்னொரு போனில் நான் ஒட்டுக்கேட்டுச் சாட்சியாக வேண்டும்.

அது ஐப்பசி மாசம் என்பதை முதலாளி யோசிக்கவில்லை. கடல் பக்கமிருந்து கருமேகம் ஏறிக்கொண்டிருந்தது. தி.நகருக்கு இன்னும் வந்து சேரவில்லை. மணி அடித்தது. அக்கா எடுத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த ரிசீவரைக் காதில் வைத்தேன்.

"அடையாறு கம்பெனிலேர்ந்து பேசறேம்மா" என்றது கர்ச்சீப்புக் குரல். "உங்க முதலாளி யார் யாருக்கு என்ன விலை சொல்றார்னு எங்களுக்குச் சொன்னீன்னா, உன்னை நல்லா கவனிச்சு..."

அந்தப் பக்கம் படாரென்று ஓர் இடி. லைனிலேயே கேட்டது.

"இன்னா சத்தம் அது? இடிக்குது, வெச்சிடுங்க." கட்.

மறுபடியும் மணி. இந்த முறை குரல் ஓட்டமாக ஓடியது. "வெக்காதம்மா, வெக்காத! நீ கேக்கறதைத் தர்றோம், எங்க கம்பெனிலயே வேலை வேணும்னாலும்..."

"இன்னும் இடிச்சிகினுதான் கீது. சொன்னா பிரியாதா ஒனக்கு?" கட்.

மூன்றாவது முறை மணி அடித்தது. அக்கா எடுத்தார். அந்தப் பக்கம் வாய் திறப்பதற்குள் இவரே பேசினார். குரலில் கோபம் இல்லை.

"மொதலாளி. மொத தபாவே தெரிஞ்சிபோச்சி. இத்தினி வருசமா உங்க கொரலுக்கு லைன் போட்டுகினு கீறேன், துணி சுத்துனா தெரியாதா? இன்னா சந்தேகமா இருந்தாலும் நாளிக்கு நேர்ல கேளுங்க, சொல்றேன். இப்ப வைங்க. ஜன்னலாண்டதான் போனு கீதுன்னு உங்க ஊட்டம்மா சொல்லிருக்காங்க. அவங்களையும் தள்ளி நிக்கச் சொல்லுங்க."

கட்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். ரிசீவர் இன்னும் என் காதிலேயே இருந்தது.

"நீயும் வை. ஒனக்குத் தனியா சொல்லணுமா?"

மறுநாள் முதலாளி வந்தபோது ஆபீஸில் டைப்ரைட்டர்கூடச் சத்தம் போடவில்லை. அக்காவின் சீட்டுக் கிழிந்துவிடும் என்றே நாங்கள் நினைத்தோம். நேராகப் போர்டுக்கு முன்னால் வந்து நின்றார். எனக்குத் தெரிந்து, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒருவரிடம் நேராகக் கேள்வி கேட்டார்.

"ஏம்மா, அன்னிக்கு வேளச்சேரிகாரன் பேசறப்ப ஏன் கட் பண்ணின? இங்க வெயில்தானே அடிச்சுது?"

"இங்க வெயிலு. அங்க இடிச்சிது மொதலாளி. காதுல கேட்டுச்சி. ஒயருக்கு ரெண்டு மொன கீதே."

"அதனால என் ஆர்டர் போச்சேம்மா!"

"ஆர்டர் போச்சி. ஆளு போவலயே."

முதலாளி உள்ளே போனார். நம்பிவிட்டார் என்று நினைக்காதீர்கள். உடனே பில்டருக்குப் போன் போட்டு, அன்றைக்கு வேளச்சேரியில் இடித்ததா என்று விசாரித்தார். "ஆமா சார், பயங்கர இடி. அந்தம்மா சொன்னது காதுல விழல, நீங்க கோவத்துல வெச்சிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாராம் அவர். ஆர்டர் திரும்பி வந்ததா என்றால், வரவில்லை. போனது போனதுதான். ஆனால் அக்காவை வீட்டுக்கு அனுப்பும் பேச்சு அதற்குப் பிறகு எழவே இல்லை. தனக்குக் கண்ணி வைத்தவருக்கே ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று போனை வைக்கிற உளவாளியை முதலாளியாலும் கற்பனை பண்ண முடியவில்லை போலிருக்கிறது. அதற்கப்புறம் அவர் மேகங்களைச் சந்தேகப்பட ஆரம்பித்தார்.

எங்களுக்கு மட்டும் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. இவ்வளவு பயம் சும்மா வருமா? சொந்தத்தில் யாரோ இடி விழுந்து போயிருக்க வேண்டும், அந்தச் சோகத்தை மனசில் வைத்துக்கொண்டுதான் இப்படி நடந்துகொள்கிறார் என்று நாங்களே ஒரு கதை கட்டி வைத்திருந்தோம். மூர்த்திக்குக் கண்கூடக் கலங்கும். ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டே விட்டேன்.

"ச்சீ, வாய கயுவு!" என்றார் அக்கா. "யாரும் போவல. ஒருத்தரும் போவக் கூடாதுன்னுதான இம்மாம் கத்து கத்திகினு கீறேன்."

அவர் சொன்னதுபோலவே யாரும் போகவில்லை. அத்தனை மழைக்காலங்களிலும் எங்கள் ஆபீஸில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இடி முழுக்க ஓய்ந்த பிறகு, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் படியிறக்கி அனுப்புவார். கடைசி ஆளும் தெருமுனை திரும்பிவிட்டதை ஜன்னலில் நின்று பார்த்த பிறகுதான், அக்கா தன் செருப்பை மாட்டுவார்.