லேசர் முடிந்த மறுநாள்

குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது. மோட்டார் பார்க்கும் ஆளை வரச்சொல்லிவிட்டு, அம்மா சுலோச்சனா சொட்டு மருந்து வாங்கக் கடைவீதிக்குச் சென்றிருந்தாள். கறுப்புக் கண்ணாடி அணிந்து கூடத்தில் அமர்ந்திருந்த கார்முகிலுக்கு, உலகமே வடிகஞ்சிக்குள் மூழ்கியதுபோல் தெரிந்தது. தொடக்கத்தில் மங்கலாகத்தான் இருக்கும், நீர் வடியும், மண் விழுந்ததுபோல் உறுத்தும், ஆனால் கசக்கிவிடலாகாது என்று மருத்துவர் முன்னமே எச்சரித்திருந்தார்.

விருத்தாசலத்துப் பீங்கான் ஆலை ஒன்றில், பியூஸ் கட்டைகளில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது அவன் உத்தியோகம். பெண் பார்க்கப் பெண்ணாடம் சென்ற அன்று, சோடாபுட்டிக் கண்ணாடியைச் சட்டைப்பையில் ஒளித்துவிட்டு, எதிரே தெரிந்த பச்சை நிற மங்கலைப் பார்த்து, பிடித்திருப்பதாகச் சொல்லிவிட்டான். மாப்பிள்ளைக்குக் கண்ணாடியே கிடையாது என்று தரகரும் அடித்துக் கூறிவிட்டார். திருமணத்துக்குள் அந்தப் பொய்யை மெய்யாக்குவதற்கே இந்த லேசர். விஷயம் கசிந்தால் திருமணம் நின்றுவிடும் என்று அஞ்சினான்.

வாசலில் வெள்ளையாக ஓர் உருவம் வந்து நின்றது.

“தம்பி, சுலோச்சனாம்மா வூடு இதானுங்களே? நான் வந்து...”

“தெரியும்ணே, அம்மா சொன்னாங்க. மோட்டாரு பின்னால இருக்குது.”

“இல்ல தம்பி, நான்...”

“மொதல்ல மோட்டார பாருங்கண்ணே, அப்பறம் டீ குடிக்கலாம்.”

உருவம் சற்றுத் தயங்கிப் பின்கட்டுக்குச் சென்றது. சுவிட்சைத் தட்டும் ஓசை கேட்டது. கூடத்து மின்விசிறி நின்றது.

“பியூஸு போயிருச்சு தம்பி.”

“அலமாரில எங்க கம்பெனி கட்டையே இருக்குது, மாத்துங்க. என்னண்ணே, தொழிலுக்குப் புதுசா?”

“ஆமாந் தம்பி, இன்னிக்குத்தான் மொத நாளு.”

ஒருவழியாக மோட்டார் ஓடிற்று. தண்ணீர் ஏறவில்லை. கார்முகில் அவரை மாடித் தொட்டிக்கு அனுப்பினான். சிறிது நேரத்தில் மேலே ஏதோ முறியும் ஒலியும், அதைத் தொடர்ந்து அருவி கொட்டும் ஒலியும் எழுந்தன.

சொட்டச் சொட்ட இறங்கிவந்தவரிடம், கொடியில் கைக்கு அகப்பட்ட துணியை எடுத்து நீட்டினான்.

“இது பொடவைங்க தம்பி.”

“தொவட்டத்தானண்ணே, இருக்கட்டும்.”

“கண்ணுல என்ன தம்பி?”

நனைந்து நிற்கும் மனிதரிடம் மறைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

“லேசருண்ணே. மரத்துப்போற சொட்டு ஊத்தி, பச்ச லைட்டையே பாருன்னாங்க. முடி கருகுற மாதிரி வாச வந்துச்சு, ஆடிப்போயிட்டேன். ஆனா வலியில்ல.”

“இம்மாஞ் செரமம் எதுக்கு?”

“கண்ணாடி போட்டது பொண்ணு வூட்டுக்குத் தெரியக் கூடாதுண்ணே. பொண்ணு பாக்கப் போனன்னிக்கு அதோட அப்பா ஊருல இல்ல, அவர நான் பாத்ததுகூட இல்ல. ரொம்பக் கறாராம். பொய்யின்னு தெரிஞ்சா கல்யாணத்தையே நிறுத்திப்புடுவாராம்.”

“யாரு சொன்னா?”

“தரகரு.”

“அந்தாளு பேச்ச நம்பாதீங்க தம்பி. பொண்ணு எப்பிடி?”

“அதாண்ணே சங்கடம். அது மொகத்த நான் இன்னும் பாக்கவேயில்ல.”

உருவத்துக்கு இருமல் வந்தது.

“நல்லாத்தான் தம்பி இருக்கும்,” என்று சொல்லிவிட்டு, மீண்டும் மாடிப்படி ஏறிப் போயிற்று.

சற்று நேரத்தில் குழாயில் தண்ணீர் பெருகி வந்தது. படியில் யாரோ இறங்கிவரும் காலடி ஓசை கேட்டது. கார்முகிலின் மனம் குளிர்ந்தது.

“அசத்திட்டீங்கண்ணே. கூலி எவ்ளோன்னு சொல்லுங்க.”

“கூலி என்னாத்துக்குங்க? மோட்டாரு பாக்க அம்மா வரச்சொன்ன திருமாலு நானு, இப்பத்தான் வந்து பின்பக்கமா மாடிக்கு ஏறுனேன். மேல தொட்டி மூடிய கழுவிக்கிட்டிருக்கிறவரு ஒங்களுக்கு மாமனாராவப் போறவராமே, ‘வேலைய நானே முடிச்சிட்டேன், மாப்ளகிட்ட மட்டும் நான் யாருன்னு சொல்லிடாத, பாவம், வெக்கப்படுவாரு’ன்னாரு.”