ஹமீது சுல்தானின் கவரிங் லெட்டர்

இனிமேல் எந்த முதலாளி முன்னாலும் கைகட்டி நிற்பதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டுதான் ஹமீது சுல்தான் துபாயிலிருந்து திருப்பாலைக்குடிக்குத் திரும்பினார். பதினெட்டு வருடம் அங்கே ஸ்டோர் கீப்பர். ஊருக்கு வந்து எட்டு மாதமாகிறது.

ஸ்டோர் இல்லாத ஸ்டோர் கீப்பர் சும்மா இருப்பாரா? மனைவி சபியாவின் அடுப்பங்கரையைக் கைப்பற்றினார். டப்பாவுக்கெல்லாம் நம்பர் ஒட்டினார். கருவாட்டுக்குக் காலாவதித் தேதி எழுதினார். மஞ்சள்தூளை இடம் மாற்றி வைத்த குற்றத்துக்காக சபியாவுக்கு இரண்டு தடவை மெமோ கொடுத்தார். பாவம், அவளும் எத்தனை நாள்தான் பொறுப்பாள்?

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து சோற்றில் கை வைத்தவரிடம் பேச்சை எடுத்தாள்.

"என்னங்க, ராமநாதபுரத்துல எறால் கம்பெனிக்கு ஸ்டோர் ஆளு வேணுமாம். போன்ல விளம்பரம் வந்துச்சு. ஒரு பயோடேட்டா குடுத்துட்டு வாங்களேன்."

"ஏன், நான் வீட்டுல இருக்குறது ஒனக்குக் கண்ண உறுத்துதா?"

"அல்லாவே! ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். ஆனா ஒண்ணு, மொட்டையா பயோடேட்டாவ மட்டும் நீட்டாதீங்க. கவரிங் லெட்டர் கட்டாயம் வைக்கணும். இல்லாட்டி அங்கன நேரா குப்பைத்தொட்டிதானாம்."

ஹமீது சுல்தானுக்குச் சந்தேகம் தட்டியது. இவள் ஏன் இப்படி வற்புறுத்துகிறாள்? தட்டைப் பார்த்தார். கேட்காமலே மீனின் நடுத்துண்டு வந்து விழுந்திருக்கிறது. ஏதோ திட்டம் இருக்கிறது!

போகமாட்டேன் என்று சொன்னால் ஒரு மாதத்துக்கு வீட்டில் நிம்மதி இருக்காது. போனது போலவும் இருக்கவேண்டும், வேலை கிடைக்காமலும் போகவேண்டும். அதற்கு வழியை அவளே சொல்லிவிட்டாளே! நினைக்க நினைக்க அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மறுநாள் காலையில் சபியாவே உட்கார்ந்து லெட்டர் எழுதி, கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தாள். இன்னொரு லெட்டரை ஒளித்து வைத்திருப்பாளோ என்று அவர் பையை மூன்று தடவை உதறிப் பார்த்தார்.

"லெட்டர மறந்துராதீங்க."

"மறப்பனா?"

"வல்லாஹி?"

ஆணை என்று வந்ததும் அவருக்கு அவசரமாகச் செருப்பைத் தேட வேண்டியிருந்தது.

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் கவரைப் பிரிக்காமலே எட்டாகக் கிழித்துப் போட்டார். பயோடேட்டாவை மட்டும் மொட்டையாகக் கம்பெனியில் கொடுத்தார். நிம்மதியாக ஒரு டீ குடித்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தார்.

நாலாம் நாள் போன் வந்தது. கம்பெனி மேனேஜர் மலையாண்டி.

"பாய், வேலை உங்களுக்குத்தான்! எழுபது பேரு மனு போட்டாங்க. அறுபத்தொம்பது பேரும் கவரிங் லெட்டர் வச்சிருக்காங்க. எல்லாம் போன்ல பாத்துக் காப்பியடிச்சது. படிச்சுப் படிச்சு அலுத்துத்தான், லெட்டர் வச்சா எடுக்கமாட்டோம்னு விளம்பரத்துல கடைசி வரியாப் போட்டோம். கடைசி வரி வரைக்கும் படிச்ச ஆளு நீங்க ஒருத்தருதான். நாளைக்கு எட்டு மணிக்கு வந்துருங்க."

சபியா கொல்லையில் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏ சபியா, அந்தக் கடைசி வரி ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? நாந்தானே விளம்பரத்தப் படிச்சேன்."

"அப்பறம் எதுக்கு லெட்டர் வைக்கச் சொன்னே?"

"வைக்காதீங்கன்னு சொல்லியிருந்தா வச்சிருப்பீங்களே!"

ஹமீது சுல்தானுக்குத் தாடி துடித்தது. "அப்படியா சேதி? நான் வேலைக்குப் போகவே மாட்டேன். இங்கனதான் இருப்பேன். என்ன செய்வே?"

சபியா தலையை நிமிர்த்தவில்லை. "நானும் அதத்தான் நெனச்சேன். ஐஸு குளிரு, எறால் நாத்தம், நாள்பூரா நிக்கணும். அம்பது வயசுக்கு மேல ஒங்களால ஏலாதுங்க. போகாதீங்க."

"யாரால ஏலாது?"

மறுநாள் காலை ராமநாதபுரம் பஸ்ஸில் முதல் ஆளாக ஏறினார். சபியா கட்டிக்கொடுத்த சாப்பாடு மடியில் இருக்க, நெஞ்சை நிமிர்த்தி ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

பஸ் தேவிபட்டினத்தைத் தாண்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.