நூலக வாசலில் நான் மாட்டிய பலகை

தரக்கட்டுப்பாட்டுத் துறையில் வேலை பார்ப்பவர்களை எந்த நல்ல காரியத்துக்கும் சேர்க்கக் கூடாது. நானே அந்தத் துறையில்தான் பதினோரு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். கல்யாண வீட்டில் பாயசம் கொடுத்தால்கூட, எல்லா டம்ளரிலும் முந்திரி சமமாக விழுந்திருக்கிறதா என்றுதான் எங்கள் கண் போகும். (என் சமையலறையில் உப்பு டப்பாவின் மேல் "உப்பு" என்று ஒட்டியிருக்கும். "பார்த்தா தெரியாதாடி?" என்று கேட்டுக் கேட்டு என் கணவர் ஓய்ந்துவிட்டார்.)

இந்த லட்சணத்தில் நான் ஊருக்கு உழைக்கக் கிளம்பினேன். ஓசூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கிளை நூலகத்தில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். சம்பளம் கிடையாது. ஆனால் "டீச்சர்" என்று கூப்பிடுவார்கள். போதாதா? மறுநாளே பெயர் கொடுத்துவிட்டேன்.

ஒன்பது பேர் வந்தார்கள். அதில் மல்லம்மாக்கா பாகலூர்க்காரர். ஒரு ரோஜாப் பண்ணையின் பேக்கிங் ஷெட்டில் மேஸ்திரி. பூக்களைக் காம்பு நீளம் பார்த்துப் பிரித்துக் கட்டும் இருபது பெண்களைக் கட்டி மேய்ப்பவர். தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் தண்ணீர் பட்ட பாடு. ஒரே மூச்சில் மூன்றிலும் திட்டுவார். ஆனால் மூன்றிலும் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. இது ஷெட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஏதாவது சீட்டு வந்தால், "கண்ணாடி கொண்டாரல, நீ படி" என்று பக்கத்துப் பெண்ணிடம் நீட்டிவிடுவாராம்.

"கண்ணாடியே கெடையாது மேடம் என்கிட்ட" என்று முதல் நாளே என் காதோடு சொன்னார். "பையனுக்குப் பொண்ணு பேசி முடிச்சிருக்குது. பி.எட். படிச்ச பொண்ணு. அது வீட்டுக்குள்ள கால் வைக்கறதுக்குள்ள நான் பேப்பர் படிக்கணும். அதுவரைக்கும் வெளிய தெரியக் கூடாது. தெரிஞ்சா மானம் போயிடும்."

"கவலைப்படாதீங்கக்கா, நான் பார்த்துக்கறேன்" என்றேன். (பார்த்துக்கொண்ட அழகைத்தான் சொல்ல வருகிறேன்.)

ஒரு மாதம் ஒழுங்காகப் போயிற்று. அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு லைனிலும் ஒரு பலகை தொங்கும். ஒவ்வொரு வேலையாளின் போட்டோ, எதிரே வரிசையாக வட்டங்கள். ஒரு வேலை அரைகுறையாகத் தெரிந்தால் வட்டத்தில் கால் பங்கைக் கறுப்பாக்குவோம். அடுத்தவருக்குச் சொல்லித்தரும் அளவுக்குத் தெரிந்தால் முழு வட்டமும் கறுப்பு. ஸ்கில் மேட்ரிக்ஸ் என்று பெயர். தரத்தைச் சோதிக்க ஆடிட்டர் வந்தால் முதலில் அதன் முன்னால்தான் நிற்பார். நூலகத்தில் அப்படி ஒன்று இல்லையே என்று எனக்கு ராத்தூக்கம் போயிற்று. இதை எல்லாம் இப்போது எழுதும்போது என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"ரெஜிஸ்டருக்கு வேணும், ஆளுக்கொரு போட்டோ கொண்டாங்க" என்றேன். பொய்தான். திடீரென்று காட்டி அசத்தலாமே என்ற ஆசை. மல்லம்மாக்கா இதற்கென்றே ஸ்டுடியோவுக்குப் போய், பவுடர் அப்பி, தலை நிறையப் பூ வைத்து எடுத்துக்கொண்டு வந்தார்.

பலகையை நூலக வாசலில், பேப்பர் படிக்கும் மேஜைக்கு நேர் எதிரே மாட்டினேன். நூலகர் நிதானமான மனிதர். "உள்பக்கம் மாட்டிக்கலாமேம்மா" என்றார். "சார், நாலு பேர் கண்ணில் பட்டால்தான் முன்னேற்றம் வரும்" என்று அவருக்குப் பத்து நிமிஷம் வகுப்பெடுத்தேன். பாவம், அவர் தும்மலை அடக்குவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மல்லம்மாக்காவின் போட்டோவுக்கு எதிரே நான் எழுதியிருந்தது இது: "எழுத்து அறிதல்: கால் வட்டம். கூட்டிப் படித்தல், எழுதுதல், கையெழுத்து: மூன்றும் காலி." அதற்குக் கீழே சிவப்பு மையில், "முன்னேற்றம் போதாது."

ஞாயிறு காலை ஒன்பது பேரும் வந்து பார்த்தார்கள். பார்த்ததும் முகமெல்லாம் பல். சுவரில் தங்கள் போட்டோ தொங்குகிறதே! அந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாதவர்கள் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே ஒன்பது பேர்தான் இருந்திருப்பார்கள். அந்த ஒன்பது பேரும் என் மாணவர்கள். இந்தச் சின்ன விஷயம், பி.இ. படித்த என் மண்டைக்கு எட்டவில்லை.

"நல்லா விழுந்திருக்கேன் இல்ல மேடம்?" என்றார் மல்லம்மாக்கா. "நான் ஞாயித்துக்கிழமையானா நூலகத்துக்குப் போயி கதை படிக்கறேன்னுதான் ஷெட்டுல சொல்லி வச்சிருக்கேன். இதுக்குப் பக்கத்துல என்ன நிக்க வச்சு ஒரு போட்டோ எடுத்து, எங்க ஷெட் குரூப்புல போட்டுடுங்க. பாக்கட்டும் அவளுங்க."

எடுத்தேன். அதோடு விட்டேனா? வெளிச்சம் சரியில்லை என்று இரண்டாம் முறை எடுத்தேன். வட்டங்கள் தெளிவாக விழ வேண்டுமே! அவர் போனிலிருந்து, என் கையால், ஷெட் குரூப்பில் போட்டேன்.

அடுத்த ஞாயிறு மல்லம்மாக்கா வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு போட்டுக்கொண்டிருந்தபோதுதான் நூலகர் வந்து பக்கத்தில் நின்றார். "அந்த அம்மாவோட ஷெட்ல அந்தப் படத்தைப் பெருசாக்கிப் பார்த்திருப்பாங்கம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த நிமிஷமே பலகையைக் கழற்றினேன். வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு பாகலூருக்கு வண்டியை விட்டேன்.

மல்லம்மாக்கா வாசலில் நின்றார். "வாங்க" என்று சொல்லவில்லை.

"நீங்க என்னா எழுதினீங்கன்னு எனக்கு யாரு படிச்சுச் சொன்னாங்க தெரியுமா? போன மாசம் வேலைக்குச் சேந்த புள்ள. அதுவும் பயந்து பயந்து படிச்சுது."

"யாராச்சும் சிரிச்சாங்களாக்கா?"

"சிரிச்சிருந்தா நாலு திட்டு திட்டிட்டு வேலையப் பாத்திருப்பேன். ஒருத்தியும் சிரிக்கல. இப்ப எல்லாரும் எனக்கு உதவி பண்றாளுங்க. 'அக்கா, கதவுல பெண்கள்னு போட்டிருக்குது'ன்னு கக்கூஸுக்கு வழி காட்டறாளுங்க. ஏழு வருஷமா நான் போற கக்கூஸு அது!"

அதோடு அவர் விடவில்லை.

"உங்க கம்பெனில மிஷினுக்குக் கட்டற சீட்ட என் மூஞ்சிக்குக் கட்டிட்டீங்களே. போட்டோ எதுக்குன்னு ஒரு வார்த்த நெசம் சொல்லியிருந்தா நான் குடுத்திருப்பனா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு மனுஷி என்னை நம்பிச் சொன்னது ஒரே ஒரு ரகசியம். அதை வண்ணம் பிரித்து, கோடு போட்டு, சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். "மன்னிச்சிடுங்கக்கா" என்றேன்.

"அழாதீங்க, தெரு பாக்குது. மன்னிப்ப நீங்களே வச்சுக்கோங்க. படிப்பு பாதில நிக்குதே, அதுக்கு வழி சொல்லுங்க." தெருவை ஒரு தடவை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "ஷெட்டுல போனது போச்சு. தெருவுக்கு இன்னும் தெரியாது. வரப்போற மருமகளுக்கும் தெரியாது. நான் அங்க வர மாட்டேன். ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை நீங்க இங்க வாங்க."

"வர்றேன்கா. யாராவது கேட்டா?"

"நீ என்கிட்ட கன்னடம் படிக்க வர்றேன்னு சொல்லிக்கறேன்."

"நீங்க" அந்த இடத்தில் "நீ" ஆனது. எனக்கு அது நியாயமாகவே பட்டது.

அடுத்த ஞாயிறு தொடங்கியது கூத்து. கதவைச் சாத்தினால் சந்தேகம் வரும் என்று திறந்தே வைத்திருப்பார். ஆள் அரவமில்லாதபோது அவர் விரல் வைத்து எழுத்துக் கூட்டுவார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதோ, புத்தகம் என் மடிக்கு வந்துவிடும். "ம், சொல்லு. சாப்பிட்டாச்சான்னு எப்படிக் கேக்கணும்?" என்று கன்னட வாத்தியாராக மாறிவிடுவார். எனக்குக் கன்னடம் நடிப்பில்லாமலே வராது. ஓசூருக்கு வந்து ஆறு வருஷமாகியும் பஸ்ஸில் "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்று சொல்லத் தெரியாதவள் நான். முழிப்பேன். "போன வாரம்தான சொல்லிக் குடுத்தேன்? வீட்டுல எடுத்துப் பாத்தியா இல்லியா?" என்று தெருமுனை வரை கேட்கும்படி சத்தம் போடுவார். (நாங்கள் பேசிவைத்தது இந்தச் சத்தம் கிடையாது. அது அவர் தன் சொந்த மகிழ்ச்சிக்காகச் சேர்த்துக்கொண்டது.)

எதிர்வீட்டு ஷகிலாக்காவுக்கு என்னைத் திட்டினால் பொறுக்காது. "அத்தத் திட்டாத மல்லம்மா. சில பேருக்கு லேட்டாத்தான் ஏறும். நீ திருப்பித் திருப்பிச் சொல்லும்மா, வந்துடும்" என்று எனக்கு மோர் கொண்டுவந்து தருவார். மோரைக் குடித்துக்கொண்டு தலையாட்டுவேன்.

எட்டு மாதத்தில் கல்யாணம் வந்தது. பத்திரிகை அச்சாகி வந்ததும் மல்லம்மாக்கா கதவைச் சாத்திக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒருவர் உதவியும் இல்லாமல் படித்தார். இருபது நிமிஷம் ஆயிற்று. முடித்துவிட்டு அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

கல்யாண மண்டபத்துக்குக் குடும்பத்தோடு போனேன். மல்லம்மாக்கா மணப்பெண்ணிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். "இதாம்மா என்கிட்ட கன்னடம் படிக்கற பொண்ணு. எட்டு மாசமாச்சு, மண்டையில ஏறல. ஆனா நல்ல பொண்ணு. விடாம வரும்."

மருமகள் என்னை அப்படி ஒரு இரக்கத்தோடு பார்த்தாள். "எதுவரைக்கும் படிச்சிருக்கீங்கக்கா?"

பி.இ. என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் எங்கே வேலை, எங்கே பழக்கம் என்று பேச்சு நூலகத்தில் போய் நிற்கும். மல்லம்மாக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவா இல்லம்மா" என்றேன்.

பின்னால் நின்ற என் கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் கை கழுவும் இடத்துக்கு ஓடினார். அன்றைக்குப் பிடித்தது சனி. வீட்டில் நான் எதற்காவது வாய் நீட்டினால், "எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்பார் அவர். "அவ்வளவா இல்லம்மா" என்பாள் என் மகள்.

போன வருஷம் பள்ளியில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். தாயின் கல்வித் தகுதி என்ற இடத்தில், அந்தக் கழுதை "அவ்வளவா இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். எனக்குத் தெரியாது. பெற்றோர் கூட்டத்தில் அவள் வகுப்பு ஆசிரியை, சின்ன வயசுப் பெண், நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மதிப்பெண் அட்டையை விரித்தார். "இது தமிழ்ங்கம்மா. இது கணக்கு" என்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, மெதுவாக, அன்பாகப் படித்துக் காட்டினார்.

என் காது இரண்டும் சூடாகிவிட்டன. பக்கத்து மேஜைப் பெற்றோர்கள் பார்ப்பதும், பார்க்காததுபோல் திரும்பிக்கொள்வதும் தெரிந்தது. எனக்குப் படிக்கத் தெரியும் என்று சொல்ல ஒரு நொடி போதும். வாய் வரவில்லை.

"கையெழுத்துப் போடுவீங்களாம்மா?" என்று கேட்டார். "இல்லைன்னாலும் பரவால்ல" என்று கைநாட்டுக்கான மை அட்டையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.