அறையைத் தின்னும் சாஃப்ட்வேர்

சுவர் மறுபடியும் நகர்ந்திருந்தது.

நிஜச் சுவர் அல்ல. அதை இனிமேல்தான் எழுப்ப வேண்டும். ஹாலின் ஜன்னலோர மூலையைத் தடுத்துத் தனக்கென்று ஓர் அறை போடுவதற்காக நம்மவர் இரண்டு நாளைக்கு முன்னால் லேப்டாப்பில் வரைந்து வைத்த சுவர். அன்று அலுவலகம் போய்த் திரும்புவதற்குள் அது ஒரு நாற்காலி அகலத்துக்கு அறைக்குள்ளே வந்து நின்றிருந்தது.

"நேத்தே பார்த்தேன். கண்ணுதான் ஏமாத்துதுன்னு விட்டுட்டேன். இன்னைக்கு நாற்காலியே சுவருக்குள்ள போயிடுச்சு!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார்.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த அலுப்பு அவள் முகத்தில் தெரிந்தது.

"அந்த சாஃப்ட்வேர் என்ன விலை?"

"இலவசம்."

"அப்ப சரியாத்தான் வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

டி.வி. பார்த்துக்கொண்டிருந்த மாமனார் ஒருவர்தான் அனுதாபமாக விசாரித்தார். "இன்னைக்கு எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கு மாப்பிள்ளை?"

"ஒரு அடிக்கு மேல இருக்கும் மாமா."

"அடடா" என்றார் மாமனார்.

நம்மவருக்கு ஒரு தொலைபேசி நிறுவனத்தில், புகார் கேட்கும் பிரிவில் வேலை. "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று நாள் பூராவும் போனில் சொல்லிச் சொல்லி, தெருவில் அவருக்குப் பெயரே 'வருந்துகிறோம்' என்று ஆகிவிட்டது. அடுத்தவர் புகாரைக் கேட்டே தேய்ந்துபோன அந்தக் காதுகளுக்கு இப்போது ஒரு விடிவு காலம் வந்திருந்தது. மேற்பார்வையாளர் பதவி காலியாகியிருந்தது. சம்பளம் கூட. அதைவிட முக்கியம், வீட்டிலிருந்தபடியே பார்க்கும் வேலை. காலையில் பஸ்ஸில் யாரோ ஒருவருடைய முழங்கையை விலாவில் வாங்கிக்கொண்டு போகிற தலைவிதி அதோடு ஒழியும்.

ஆனால் மேலதிகாரி ஒரு நிபந்தனை போட்டிருந்தார். கதவைச் சாத்திக்கொள்ளும்படி வீட்டில் தனி அறை இருக்க வேண்டும். மேஜை, நாற்காலி எங்கே என்று காட்டி, அளவுகளோடு ஒரு வரைபடம் திங்கட்கிழமை காலை அவர் கைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் பதவி பக்கத்து இருக்கைக்காரனுக்குப் போய்விடும். அவன் வீட்டில் அறைகளுக்குப் பஞ்சமில்லை. உட்காரத்தான் ஆள் இல்லை.

வரைபடம் போட்டுக் கொடுப்பவர் ஒருவரை விசாரித்துப் பார்த்தார். அவர் சொன்ன கூலிக்குச் சுவரையே எழுப்பி வெள்ளையும் அடித்துவிடலாம். "நானே வரைஞ்சுக்கறேன்" என்று அன்றே முடிவெடுத்துவிட்டார். நம்மவர் ஒரு முடிவை எடுத்தால் எடுத்ததுதான். 'வீடு வரையும் சாஃப்ட்வேர், புதிதாகக் கற்பவர்களுக்கு, விலை குறைவானது' என்று தேடினார். இலவசமாகவே ஒன்று கிடைத்தது. விலை குறைவானதிலேயே மிகக் குறைவானது அதுதானே என்று இறக்கிக்கொண்டார்.

வீட்டை அளப்பதில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. "மாமா, கொஞ்சம் காலைத் தூக்கிக்கோங்க" என்று ஜன்னலோரக் கட்டிலுக்கு அடியிலெல்லாம் டேப்பை விட்டு அளந்தார். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்து, போக மறந்துவிட்ட மாமனார், கால் வலிக்க வலிக்கத் தூக்கிக்கொண்டார். சோபா, டி.வி., செருப்பு அலமாரி, துணி துவைக்கும் இயந்திரம், பால்கனியில் வாடிக்கொண்டிருந்த செடி வரை எல்லாவற்றையும் படத்தில் வைத்தாயிற்று. ஒரு சாமானைக்கூட விடவில்லை என்று அவருக்கே பெருமையாக இருந்தது.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. போனில் வாடிக்கையாளர்களுக்கு வழி சொல்லிச் சொல்லி, எதைச் செய்தாலும் தனக்கே வாய்விட்டு வழி சொல்லிக்கொண்டுதான் செய்வார். "முதல்ல சுவரைத் தொடணும். பச்சையா மாறும். விடாம இழுக்கணும். இடம் வந்ததும் விரலை எடுத்துடணும். இப்ப சேமி."

"மாப்பிள்ளை, இதுல சத்தத்தைக் குறைக்கற பொத்தான் எது?" என்று ரிமோட்டை நீட்டுவார் மாமனார். தன் வேலைக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதே என்கிற அந்த நல்ல மனசை நினைத்து நம்மவர் நெகிழ்ந்துபோய்க் குறைத்துக் கொடுப்பார்.

இப்படி வரைந்த சுவர்தான் நகர ஆரம்பித்திருந்தது.

"இலவசத்தை எவனாவது நம்புவானா?" என்றான் மறுநாள் பக்கத்து இருக்கைக்காரன். போட்டியாளன்தான், ஆனால் யோசனை சொல்வதில் வஞ்சனை இல்லாதவன். "காசுக்குப் பதிலா வேற எதையாவது எடுத்துக்குவாங்க சார். உங்க விஷயத்துல இடத்தை எடுத்துக்கறாங்க. நான் ஒண்ணு சொல்றேன், அதை வாங்குங்க. சல்லிசு. புதுசா கத்துக்கறவங்களுக்குன்னே செஞ்சது."

சல்லிசுதான். ஆனால் அதைச் செய்தவர்கள் அரண்மனையைத் தவிர வேறு வீட்டைப் பார்த்ததில்லை போலிருந்தது. திறந்ததுமே நீச்சல் குளம் வந்தது. அதிலிருந்த சோபாக்களிலேயே சின்னதில் ஒரு கால்பந்து அணி உட்காரலாம். நம்மவர் அசரவில்லை. குளத்தைத் தூர்த்தார். தூண்களைச் சாய்த்தார். இரண்டு பக்கமும் வளைந்து இறங்கிய மாடிப்படியைப் பெயர்த்தெடுத்தார். அரண்மனையை இடித்து இடித்து, தன் வீட்டு ஹாலை ஒருவழியாகக் கண்டெடுத்து, அதில் சுவரைப் போட்டார்.

மறுநாள் மாலை சுவர் நகர்ந்திருந்தது. போதாக்குறைக்கு, அதையொட்டி வெளிப்பக்கத்தில் திரைச்சீலை தொங்கும் ராஜா கட்டில் ஒன்று கம்பீரமாக நின்றது.

"குளத்தோட இதுவும் ஒட்டிக்கிட்டு வந்திருக்கு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் அழித்தார். அப்போதுதான் அவருக்குள் அந்தச் சந்தேகம் எழுந்தது. இதைத் தொடத் தெரிந்தவர்கள் வீட்டில் இரண்டே பேர். ஒருவர் அவர்.

சந்தேகத்தை அவர் மனசுக்குள் வைத்துக்கொண்டிருக்கலாம். வைத்துக்கொள்ளவில்லை.

"உண்மையைச் சொல்லு. நீ இந்தச் சுவரைத் தொட்டியா?"

மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அது நல்ல அறிகுறி இல்லை. "நான் எதுக்குத் தொடணும்?"

"அறை சின்னதானா ஹால் பெருசாகும்ல?"

"ஹால் பெருசாகி எனக்கு என்ன ஆகப்போகுது? கூட்டிப் பெருக்க இன்னும் கொஞ்சம் இடமா?"

நியாயமான கேள்விதான். ஆனால் சந்தேகப்பட்டவன் நியாயத்தைப் பார்ப்பானா? நம்மவர் அவள் கண்ணெதிரிலேயே லேப்டாப்பின் கடவுச்சொல்லை மாற்றப் போனார். அவள் விருட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். அவர் வழக்கப்படி ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லியபடியே மாற்றி முடித்தார்.

சுவர் அப்படியும் நகர்ந்தது. அதோடு மனைவியின் பேச்சும் நின்றது.

"அப்பா, சாப்பாடு மேஜையில இருக்குன்னு அந்த இன்ஜினியர்கிட்ட சொல்லுங்க" என்றாள் அவள், மூன்றடி தள்ளி நின்ற புருஷனைத் தாண்டிச் சுவரைப் பார்த்து.

"மாப்பிள்ளை, சாப்பாடு மேஜையில இருக்காம்" என்றார் மாமனார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் பொண்ணு பொய் சொல்ல மாட்டா மாப்பிள்ளை. அவளைச் சந்தேகப்படாதீங்க. இது வேற ஏதோ" என்றார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

வேற ஏதோ என்றால் சாஃப்ட்வேர்தான். நம்மவர் அந்த நிறுவனத்தின் உதவி எண்ணுக்கே போன் போட்டார். வெகுநேரம் பாட்டு கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்தாள்.

"சொல்லுங்க சார்."

"சுவர் தானா நகருதும்மா."

"உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் சார்."

நம்மவர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தார். வாழ்க்கையில் முதல் முறையாக அந்த வாக்கியத்தை அந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறார். அது எவ்வளவு எரிச்சலான வாக்கியம் என்று இத்தனை வருஷம் அவருக்குத் தெரியாமல் போய்விட்டது.

"கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைச்சுட்டுப் போட்டுப் பாருங்க சார்."

"அம்மா, நானும் இதே வேலைதான் பார்க்கறேன். பதில் தெரியாதப்பதான் நாங்க அப்படிச் சொல்லுவோம்."

"நாங்களும் அப்படித்தான் சார்" என்றாள் அந்தப் பெண், மனம் திறந்து. "ஒண்ணு பண்ணுங்க. எங்ககிட்ட மாசக் கட்டணத்துல பெரிய சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு. அதுல சுவருக்குப் பூட்டு உண்டு. பூட்டிட்டா அசையாது."

பூட்டு! இந்த வார்த்தைக்காகத்தானே காத்திருந்தார். விலை கொஞ்சம் கடித்தது. பதவி உயர்ந்தால் முதல் மாதமே ஈடுகட்டிவிடலாம் என்று பணத்தைக் கட்டினார். வரைந்தார். "பூட்டுப் படத்தை ரெண்டு தட்டு தட்டணும். சிவப்பானா பூட்டிக்கிச்சு. திறக்கணும்னா மறுபடி ரெண்டு தட்டு. அவ்வளவுதான்" என்று தனக்குத் தானே பாடம் நடத்தி முடித்து, கட்டில் பக்கம் திரும்பினார்.

"இனிமே எவன் வந்தாலும் அசைக்க முடியாது மாமா!"

"அப்படியா மாப்பிள்ளை?" மாமனாரின் முகம் சுருங்கியிருந்தது. டி.வி.யில் அவர் ஆதரித்த அணி தோற்றுக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் வரைபடத்தைக் கொடுத்தாக வேண்டும். மனைவி விடிந்ததுமே மருந்துக்கடைக்குப் போய்விட்டாள். நம்மவர் படத்தை ஒரு தடவை திறந்து, சுவர் போட்ட இடத்திலேயே பூட்டோடு நிற்பதைக் கண்ணாரப் பார்த்துவிட்டு, பலகைத் தடுப்பு போடும் தச்சரைக் கூட்டிவரக் கிளம்பினார். தச்சர் சுண்ணாம்புக் கட்டியும் நூலுமாக வந்தார். தரையில் கோடு போட்டுவிட்டால் அன்றே வேலையை ஆரம்பிப்பதாக ஏற்பாடு.

"படத்தைக் காட்டுங்க சார்."

நம்மவர் பெருமையோடு லேப்டாப்பைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார்.

சுவர் நகர்ந்திருந்தது. நகர்ந்த இடத்தில் சிவப்பாகப் பூட்டும் போட்டிருந்தது. பக்கத்தில் பெயரில்லாத சாம்பல் நிற நீளப் பெட்டி ஒன்று, ஏதோ விளம்பரம் மாதிரி படுத்திருந்தது.

தச்சர் குனிந்து திரையைப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். "அறைக்குள்ள மேஜை போடலாம் சார். நாற்காலி நுழையாது. நின்னுகிட்டேதான் வேலை பார்க்கணும். அதுவும் ஒருக்களிச்சு."

அந்த நேரம் பார்த்து மனைவி பையோடு உள்ளே நுழைந்தாள். நம்மவர் அவளைப் பார்த்தார். காலையிலிருந்து அவள் வீட்டிலேயே இல்லை. அவளாக இருக்க முடியாது. இத்தனை நாள் அவளைப் போய் சந்தேகப்பட்டோமே என்று தச்சரை விட்டுவிட்டு அவளிடம் போனார்.

"என்னை மன்னிச்சுடு. நீ இல்லை. இந்த சாஃப்ட்வேர் திருட்டு சாஃப்ட்வேர்."

அவள் பையைக் கீழே வைத்தாள். "இதைச் சொல்ல உங்களுக்கு இத்தனை நாளாச்சா?" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் நேராக அவரிடமே சொன்னாள். அப்பா வழியாக இல்லை.

அந்த ஒரு வாக்கியம் போதும், நம்மவருக்குப் புது வீரம் வந்துவிட்டது. "நான் விடறதா இல்லை. இந்தச் சல்லிசு சமாச்சாரமே வேண்டாம். பெரிய பெரிய கட்டடம் கட்டறவங்க வச்சிருக்கிற சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு. ஒரு வருஷச் சந்தா கட்டறேன். இன்னைக்கே இறக்கறேன், இன்னைக்கே வரையறேன், நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கறேன். இந்த அறைக்குள்ள நான் நாற்காலி போட்டு உட்காரலைன்னா பாரு!"

"வரப்போற சம்பளம் மொத்தமும் அதுக்கே போயிடும்ங்க."

"போகட்டும்!"

"அப்ப நான் அடுத்த வாரம் வரட்டுமா சார்?" என்றார் தச்சர்.

"இங்கேயே நில்லுங்க!"

கார்டை வெளியே எடுத்தார். அதன் எண்களை ஒவ்வொன்றாக, ஊருக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டே தட்டினார். எல்லாம் முடிந்து, 'பணம் செலுத்து' என்ற கடைசிப் பொத்தானுக்கு மேலே விரலைக் கொண்டுபோனார். திடீரென்று ஹாலில் அமைதி பரவியது. மாமனார், எந்தப் பொத்தான் என்று யாரையும் கேட்காமல், ரிமோட்டை எடுத்து டி.வி.யை அணைத்திருந்தார்.

"வருஷச் சந்தா எல்லாம் எதுக்கு மாப்பிள்ளை?" என்றார் அவர், கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு. "முதல்ல இறக்கினீங்களே, அந்த இலவசமே போதும். அதுலதான் சுவரைத் தள்ளி என் கட்டிலுக்கு இடம் விட எனக்குச் சுலபமா இருந்துச்சு."