வெண்டலின் புல்வெட்டியும் அக்டோபர் பெட்ரோலும்

சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடும் ஒரு ஜாதி மனிதர்கள் இருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். மனுஷ நோயை அல்ல, எஞ்சின் நோயை. ஊரையே கையமர்த்திவிட்டு, கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொல்வார்கள். அது எப்போதும் தப்பாக இருக்கும். அதனால் என்ன? சொல்லுகிற அழகுக்கே பாதி ஊர் நம்பிவிடும்.

அமெரிக்காவின் இண்டியானாவில் சோளக்காட்டை ஒட்டிக் குடியிருக்கும் வெண்டல் கிராபில் இந்த ஜாதிக்கே தலைவர். அவர் ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி மூன்று வாரமாக ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருப்பினால் செல்ஃப் என்னமோ சுற்றுகிறது. வண்டி இரண்டு இருமல் இருமிவிட்டுப் படுத்துக்கொள்கிறது. புல்லோ முழங்காலைத் தாண்டி, உள்ளே ஒரு மாடு தொலைந்தால் கிறிஸ்துமஸுக்குத்தான் கிடைக்கும் என்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது.

சும்மா நாளாயிருந்தால் போகட்டும். இன்றைக்கு மகள் கெண்ட்ரா பள்ளிப் படிப்பை முடித்த விருந்து. இரண்டு மணிக்கு அறுபது பேர் வருகிறார்கள், மேசை நாற்காலி எல்லாம் அந்தப் புல்லில்தான் போட வேண்டும்.

"அப்பா, அத்தைங்க எல்லாம் உக்காந்தா போட்டோல தொப்பி மட்டும்தான் தெரியும்" என்றாள் கெண்ட்ரா.

பக்கத்து வீட்டு டெல்பர்ட் தன் வண்டியில் வந்து வெட்டித் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். வெண்டல் அவரை முறைத்த முறைப்பில் டெல்பர்ட் வீட்டு நாய் குரைப்பதை நிறுத்தியது. அடுத்தவன் வண்டி தன் புல்லில் ஏறுவதா? அதற்குப் பதில் அந்த வட்டாரத்து ஆம்பளை எவனும் வீட்டை விற்றுவிட்டு வேறு மாவட்டத்துக்கே போய்விடுவான்.

வெண்டலின் மனைவி மார்லீன் எண்பது முட்டையை அவித்து உரித்துக்கொண்டே, மூன்று வாரமாகச் சொல்வதைத் திரும்பவும் சொன்னாள்: "வெண்டல், அந்த கேன்ல இருக்கறது போன அக்டோபர்ல வாங்கின பெட்ரோல். குளிர்காலம் பூரா கிடந்து கெட்டுப்போச்சு. கொட்டிட்டுப் புதுசு ஊத்து."

"பெட்ரோல் என்ன பாலா, திரிஞ்சு போறதுக்கு? நீ முட்டைய பாரு."

வெண்டல் தலையைச் சாய்த்தார். கேட்டார். "பேட்டரி" என்றார். புதுப் பேட்டரி வந்தது. வண்டி இருமியது. மறுபடி கேட்டார். "பிளக்." பிளக்கை மாற்றினார். வண்டி இன்னும் நன்றாக இருமியது. அப்புறம் கார்பரேட்டரைக் கழற்றி எடுத்துவந்து, விருந்துக்கு வைத்திருந்த கேக்குக்குப் பக்கத்தில் பரப்பி, கெண்ட்ராவின் பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவி, மாட்டி, ஒவ்வொரு தடவையும் மறக்காமல் அதே சிவப்புக் கேனிலிருந்து அதே அக்டோபர் பெட்ரோலை ஊற்றினார். மருந்து மாறிக்கொண்டே இருந்தது. விஷம் மட்டும் மாறவில்லை.

மணி இரண்டு. விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். பெண்கள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துப் புல்லுக்குள் நீந்திப் போய் உட்கார்ந்தார்கள். ஆண்கள் எல்லாரும் ஆளுக்கொரு எலுமிச்சை ஜூஸோடு வண்டியைச் சுற்றி நின்று, ஆளுக்கொரு பக்கம் தலையைச் சாய்த்தார்கள். இருபத்தைந்து பேர், முப்பது நோய்.

ஐஸ்கட்டி வாங்கப் போன மார்லீன் அப்போதுதான் திரும்பி வந்தாள். ஒரு கையில் ஐஸ், ஒரு கையில் புதுக் கேன். வண்டியின் பெட்ரோல் குழாயைப் பிடுங்கிப் பழையதை வாளியில் வடித்தாள். தேன் நிறத்தில், வார்னிஷ் நாற்றத்தோடு இறங்கியது. புதுசை ஊற்றினாள். பூப்போட்ட கவுனோடு ஏறி உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, சாவியைத் திருப்பினாள்.

ஒரே திருப்பு. வண்டி எடுத்துக்கொண்டது.

அத்தைமார்கள் வரிசையாகக் காலைத் தூக்க, நாற்காலிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து மார்லீன் புல்லை வெட்டிக்கொண்டு போனாள். கெண்ட்ரா சிரித்தபடி போட்டோவுக்கு நின்றாள். போட்டோவில் அத்தைமார்களின் தொப்பி மட்டுமல்ல, செருப்பு வரை தெரிந்தது.

வெண்டல்? கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு டெல்பர்ட்டின் தோளில் கை போட்டார்.

"கேட்டியா? கார்பரேட்டர நான் கழுவின கழுவு, இப்பதான் வேலை செய்யுது."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் உங்கள் வீட்டு மோட்டார் தண்ணீர் ஏற்றாதபோது, "முதல்ல கீழ்த்தொட்டியில தண்ணி இருக்கான்னு பாருங்களேன்" என்று சமையல்கட்டிலிருந்து ஒரு குரல் வந்ததே, எட்டிப் பார்த்தீர்களா? அட, கையை ஏன் பின்னால் கொண்டுபோகிறீர்கள்? ஸ்க்ரூடிரைவர் நுனி தெரிகிறது.