ஏழு ஜாக்கெட்டும் ஓர் அட்டவணையும்

நான் இன்றைக்கு மென்பொருள் எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன். இதை என் அண்ணியின் பிறந்த வீட்டில் யாரிடமும் சொல்லிவிட வேண்டாம். அங்கே ஏழு பெண்கள் இதை நம்ப மாட்டார்கள். நம்பவைக்கும் யோக்கியதையும் எனக்குக் கிடையாது.

அண்ணி பி.காம். படித்தவர். திண்டிவனத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். அவருடைய பிறந்த வீடு விழுப்புரம். அந்த வீட்டின் மூத்தவர் விசாலாட்சி பெரியம்மா. "பி.காம். படிச்சிட்டு ஊரான் ஜாக்கெட்ட தெச்சிக்கினு இருக்கா" என்பதை எந்த விசேஷத்திலும் அவர் சொல்லத் தவறியதில்லை. பந்தியில் பாயசம் வருவதற்கு முன்பே அது வந்துவிடும்.

இந்த நிலையில் அண்ணியின் சித்தப்பா மகளுக்கு மயிலத்தில் கல்யாணம் நிச்சயமானது. வீட்டுப் பெண்கள் ஏழு பேருக்கும் ஒரே மாதிரி அரக்கு நிறப் பட்டுப்புடவை. ஏழு ஜாக்கெட்டையும் அண்ணியிடமே கொடுத்தார்கள். பிறந்த வீட்டிலிருந்து வந்த முதல் ஆர்டர். "இது மட்டும் நல்லா வந்துட்டா போதும் தம்பி. அப்புறம் பெரியம்மா என்ன பேசுதுன்னு பாக்கறேன்" என்றார் அண்ணி.

அந்தச் சமயத்தில் நான் பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு. ஒரு ப்ராஜெக்ட் செய்தாக வேண்டும். கூட இருந்தவர்கள் எல்லாம் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருக்க, நான் மட்டும் சொந்தமாகச் செய்வேன் என்று நின்றேன். (யாரும் தடுக்கவில்லை. அதுதான் என் வருத்தம்.) அண்ணி வாடிக்கையாளர் அளவுகளை எழுதி வைத்திருந்த பழைய நோட்டைப் பார்த்ததும் எனக்கு இரக்கம் பிறந்தது. பக்கத்துக்கு ஒரு பெயர், அளவுகள், ஓரத்தில் துணித்துண்டு ஒன்று பின் அடித்திருக்கும். நோட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் இரக்கப்பட்டேன். அதைக் கணினியில் ஏற்றுவதுதான் என் ப்ராஜெக்ட் என்று முடிவானது.

ஜாவா என்ற கணினி மொழியில் திரைக்கு வேண்டிய ஜன்னல், பொத்தான், அட்டவணை எல்லாம் ஆயத்தமாகவே கிடைக்கும். அந்தத் தொகுப்புக்கு ஸ்விங் என்று பெயர். அதிலுள்ள ஜேடேபிள் என்ற அட்டவணையை எடுத்து, பெயரும் கழுத்து மாடலும் திரையில் தெரியும்படி வைத்தேன். மார்பு, இடுப்பு, கை என்று அளவுகள் நிறைய இருந்ததால் அவற்றை உள்ளே ஒரு பட்டியலில் போட்டு மறைத்தேன். ஒரு வரியைத் தேர்ந்து பொத்தானை அழுத்தினால் சீட்டு அச்சாகும். பெயரும் மாடலும் திரையிலிருந்து வரும். அளவு மட்டும், திரையில் அந்த வரி எத்தனையாவதோ, உள்ளே அத்தனையாவது இடத்தில் என்ன இருக்கிறதோ அதிலிருந்து வரும். ஒரு வாரம் பிசகில்லாமல் ஓடியது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஒரே ஒரு வரி கூடுதலாக எழுதினால், மேலே 'பெயர்' என்ற தலைப்பைத் தொட்டதும் அட்டவணை அகரவரிசையில் அடுக்கிக்கொள்ளும் என்று படித்தேன். யாரும் கேட்காமலேயே எழுதினேன். அண்ணியைக் கூப்பிட்டுத் தொட்டும் காட்டினேன். அவர் மரியாதைக்காக வியந்தார்.

நான் படிக்காமல் விட்டது அடுத்த பத்தி. அடுக்கப்படுவது திரை மட்டும்தான், உள்ளே இருக்கும் பட்டியல் பழைய வரிசையிலேயே கிடக்கும். திரையில் ஏழாவது ஆள் உள்ளே எத்தனையாவது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத் தனிக் கட்டளையே உண்டு. நான் கேட்கவில்லை. அண்ணி இந்த ஏழு பேருக்கு மட்டும் தனி அட்டவணை போட்டு, உறவுமுறை பார்த்து, பெரியம்மாவை முதலிலும் கல்லூரியில் படிக்கும் ஒல்லிக்குச்சி மல்லிகாவைக் கடைசியிலும் பதிந்திருந்தார். தலைப்பைத் தொட்டதும் பெரியம்மா திரையில் கடைசிக்குப் போனார். உள்ளே கடைசி இடத்தில் இருந்தது மல்லிகாவின் அளவு.

கடையில் துணி வெட்டும் செல்வியக்காவுக்கு மட்டும் சந்தேகம் வந்தது. பெரியம்மாவின் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "அந்தம்மாவுக்கு இது பத்துமா தம்பி?" என்று கேட்டார்.

"நீங்க கண்ணால பாத்து சொல்றீங்கக்கா. இது கம்ப்யூட்டர்" என்றேன். இந்த இரண்டு வாக்கியங்களை வாழ்க்கையில் திரும்பப் பெற முடியுமென்றால் நான் வேறெதையும் கேட்க மாட்டேன். செல்வியக்கா கத்தரியை எடுத்தார். கல்யாண நெருக்கடியில் அண்ணியும் தைத்ததைப் பிரித்துப் பார்க்கவில்லை. மணப்பெண்ணின் ஜாக்கெட்டை மட்டும் நோட்டைப் பார்த்துத் தன் கையால் வெட்டித் தைத்திருந்தார். எனக்கு அப்போது அது அவமானமாகப் பட்டது.

கல்யாணத்தன்று காலை மயிலம் மலையடிவார மண்டபத்துக்குப் பையோடு போய் இறங்கினோம். இன்னும் சற்று நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுவார்கள். ஏழு பேரும் ஒரே நிறத்தில் தட்டோடு வாசலில் நின்று அழைக்க வேண்டும். பெண்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். நான் வெளியே பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

முதலில் யாரும் ஜாக்கெட்டைக் குறை சொல்லவில்லை, தங்கள் உடம்பைத்தான் சந்தேகித்தார்கள். பெரியம்மாவுக்கு முழங்கைக்கு மேல் ஏறவில்லை. அமுதா சித்திக்கு ஜாக்கெட்டுக்குள் இன்னொருவர் நிற்க இடமிருந்தது. வாசலில் இருந்த கணவரிடம் கதவிடுக்கில் தலையை நீட்டி, "மூணு மாசமா வாக்கிங் போனது வீண் போவல, பாத்தீங்களா?" என்று பூரித்துப் போனார். தேவகி அத்தை மட்டும் எந்த வரிசையிலும் நான்காவதாகவே இருந்ததால் தப்பித்திருந்தார். எனக்குக் கச்சிதமா இருக்கு, உங்களுக்கெல்லாம்தான் உடம்பு போட்டுடுச்சு என்று அவர் சொன்னதும் உள்ளே பேச்சு வலுத்தது.

அண்ணி வெளியே வந்தார். கையில் பெரியம்மா பெயர் போட்ட சீட்டு.

"இது மல்லிகா அளவு. பெரியம்மா பேர்ல எப்டி வந்துச்சு?"

"அண்ணி, தலைப்ப தொட்டீங்களா?"

"நீதான தொட சொன்ன."

அவர் கண் கலங்கியிருந்தது. உள்ளே இருந்து, பி.காம். என்ற சொல் தெளிவாகக் கேட்டது. என் ப்ராஜெக்ட்டுக்காக அண்ணியின் மானத்தை வாங்கிவிட்டேனே என்று எனக்கு அழுகையே வந்தது. ஆனால் அழாமல், அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். விளக்கினேன். எல்லாரையும் நீங்கள் பதிந்த உறவுமுறை வரிசையில் நிற்கச் சொல்லுங்கள், எதிரே சீட்டிலுள்ள பெயரின் அகரவரிசையில் ஜாக்கெட்டை வையுங்கள், எண்ணுக்கு எண் பொருத்தினால் எந்த ஜாக்கெட் யார் அளவு என்று தெரிந்துவிடும் என்றேன்.

"தம்பி, நவுரு" என்றார் அண்ணி.

உள்ளே போய் ஏழையும் ஒரு தரம் கண்ணால் பார்த்தார். இது உனக்கு, அது அவளுக்கு என்று கை மாற்றினார். நான் இரண்டாவது எண்ணுக்கு வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஒரே நிறம் என்பதால் ஒருவர் துணி இன்னொருவருக்குப் போனதில் வித்தியாசம் தெரியவில்லை. பெரியம்மாவின் ஜாக்கெட்டை அமுதா சித்தியிடமிருந்து வாங்கும்போதுதான் கொஞ்சம் போராட வேண்டியிருந்தது. சித்தி பத்து நிமிடம் மெலிந்திருந்தார். அதை யாருக்குத்தான் விட மனம் வரும்?

அளவு சரியானது. மாடல் சரியாகவில்லை, அது திரையில் இருந்த பெயரோடு போயிருந்தது. கழுத்து மூடி, கை நீட்டி ஜாக்கெட் போடும் பெரியம்மாவுக்கு, சித்தி ஆசை ஆசையாகத் தேர்ந்த மாடல் வாய்த்தது. முதுகில் பெரிய ஜன்னல், குறுக்கே கயிறு, கயிற்று முனையில் இரண்டு குஞ்சம்.

மாற்ற நேரமில்லை, வாசலில் மேளம் கேட்டுவிட்டது. பெரியம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே வாசலுக்குப் போனார். அந்தப் பார்வைக்குப் பிறகு நான் பந்திக்குப் போகவில்லை. தட்டைத் தூக்கும்போது முந்தானை நழுவியது. மாப்பிள்ளையின் அம்மா முதுகைப் பார்த்துவிட்டு, நல்லா இருக்குதே, எங்க தெச்சீங்க என்று கேட்டார். பெரியம்மா ஒரு நொடி யோசித்து, "எங்க பொண்ணு கடை. பி.காம். படிச்சிருக்கா" என்றார்.

முந்தானை அதன்பிறகு போர்த்தப்படவில்லை. சாப்பாடு முடிந்ததும் அவர் அண்ணியைத் தனியே கூப்பிட்டு, இதே மாதிரி இன்னும் இரண்டு வேண்டும் என்றார்.

நோட்டு அன்றைக்கே திரும்பிவிட்டது. இப்போதும் அந்த வீட்டில் காபியும் டீயும் ஆள் மாறி வந்தால், "யாருப்பா தலைப்ப தொட்டது?" என்று கேட்கிறார்கள். போன வருடம் என் கல்யாணத்துக்குப் பெரியம்மா வந்திருந்தார். மேடையேறி விபூதி பூசிவிட்டு, என் மனைவி பக்கம் முதுகைத் திருப்பிக் காட்டினார். கயிறு, குஞ்சம் எல்லாம் இருந்தன.

"நல்லா பாத்துக்கம்மா. இது உன் வீட்டுக்காரன் கம்ப்யூட்டர்ல வந்துது" என்றார்.