இரண்டாம் கியரில் பத்து விநாடி

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நானும் தங்கள் தங்கையும் நலம். தாங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த நலத்தை இந்தக் கடிதம் கெடுத்துவிடக் கூடாதே என்ற கவலையோடுதான் எழுதுகிறேன். தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும்.

தங்கள் கண் பார்வை மங்கியதும், நாற்பத்தைந்து வருடப் பழைய, கூரையில்லாத இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரை என்னிடம் ஒப்படைத்த அன்று தாங்கள் ஒரே ஒரு வாக்குத்தான் கேட்டீர்கள். "இன்ஜின்ல ஒரு நட்டைக்கூட மாத்தக் கூடாது." நானும் தலையாட்டினேன். மச்சான், அந்த வாக்கை மீறிவிட்டேன்.

எங்கள் மகள் வீட்டுக்குப் போகும் வழியிலுள்ள மேடு தங்களுக்குத் தெரியும். பாதி மேட்டில் காருக்கு மூச்சு வாங்கும். தங்கள் தங்கை இறங்கினால்தான் மீதியை ஏறும். ஞாயிறுதோறும் அவள் பையோடு பக்கத்தில் நடக்க, நான் முதல் கியரில் அவளோடு பேசிக்கொண்டே ஊர்ந்து போவேன். இதை நான் அன்னியோன்யம் என்று நினைத்திருந்தேன், அவள் அப்படி நினைக்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் எங்கள் பல் டாக்டர் பஸ்ஸில் எங்களைத் தாண்டிப் போகும்போது ஜன்னல் வழியே கையசைத்தார். அவ்வளவுதான். "இனிமே நான் பஸ்லயே வரேன். நீங்க உங்க காரோட வாங்க" என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து ஒரே வீட்டிலிருந்து ஒரே வீட்டுக்கு இரண்டு பேரும் தனித்தனியாகப் போனோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் மச்சான், அந்தக் காலி சீட்டைப் பார்க்க என்னால் முடியவில்லை.

மெக்கானிக்கிடம் புலம்பினேன். "ஒரு சிலிண்டர் கேஸ் வைக்கலாம் சார். எப்பவும் வேண்டாம், மேடு வந்தா மட்டும் பட்டனை அமுக்குங்க" என்றார். கேஸின் பெயரைக் கேட்டதும் திடுக்கிட்டேன். நைட்ரஸ் ஆக்ஸைடு. ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுப்பவனாக முப்பத்தொரு வருடம் நான் காவல் காத்த அதே மயக்க கேஸ். ஆளைத் தூங்க வைப்பது இன்ஜினை எழுப்புமா என்று கேட்டேன். உள்ளே போய்ச் சூடானால் அதிலிருந்து ஆக்ஸிஜன் பிரியும், கூடுதல் பெட்ரோல் எரியும் என்று விளக்கினார். குழாய் நுழைக்கத் துளை போடப் போனவர், சரியாக அதே இடத்தில் பித்தளை ஸ்க்ரூ வைத்து அடைத்த பழைய துளை ஒன்றைக் கண்டு தலையைச் சொறிந்தார். கார் செய்தவர்கள் முன்யோசனைக்காரர்கள் என்று நான் சமாதானம் சொன்னேன்.

வண்டி வேகமாக ஓடும்போது, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு, இரண்டாம் கியரில் பத்து விநாடி மட்டும் என்று மெக்கானிக் படித்துப் படித்துச் சொன்னார். பழக்கம் விடுமா? மயக்க கேஸ் என்றால் நோயாளியை அசையாமல் படுக்க வைத்து, தைரியம் சொல்லி, மெல்லக் கொடுத்துத்தான் எனக்குப் பழக்கம். ஆகவே முதல் நாள் காரை வாசலில் நிறுத்தியபடியே ஓடவிட்டு, திறந்து வைத்த பானெட்டைத் தட்டிக் கொடுத்துவிட்டு, ஏறி உட்கார்ந்து பட்டனை லேசாகத் தொட்டேன். படார் என்றது. ஏர் ஃபில்டர் மூடி எதிர்வீட்டுத் தையல்காரரின் மாடியில் கிடந்தது. அவர் அதை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்து, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்.

மெக்கானிக் எல்லாவற்றையும் சரிசெய்தார். போன ஞாயிறு தங்கள் தங்கையிடம் கெஞ்சிக் கூத்தாடி, இந்த ஒரு தடவை மட்டும் என்று ஏற்றிக்கொண்டேன். மேடு வந்தது. முன்னால் பஸ். மிதித்தேன், அமுக்கினேன். மச்சான், அந்தப் பத்து விநாடியை எனக்கு எழுதத் தெரியவில்லை. பஸ் பின்னால் போய்விட்டது. அவளுடைய குடையும் போய்விட்டது. உச்சியில் "நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினேன். பட்டனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணன்கிட்ட சொன்னீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "முதல்ல அவருக்கு எழுதுங்க."

எழுதிவிட்டேன். சிலிண்டர், குழாய், பட்டன் எல்லாவற்றையும் நாளையே கழற்றிவிடுகிறேன், இது சத்தியம். வாக்குத் தவறியவனிடம் கார் இருக்கக் கூடாது என்று தாங்கள் நினைத்தால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மறுத்து ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பேரக் குழந்தைகளுக்கு எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
தங்கள் தங்கை வீட்டுக்காரர்

பி.கு.: தங்கள் தங்கை கடிதத்தைப் படித்துவிட்டு அரைமணி நேரம் சிரித்தாள். நான் முழுசாக எழுதி முடிக்கட்டும் என்றுதான் காத்திருந்தாளாம். அந்தப் பித்தளை ஸ்க்ரூ தாங்கள் வைத்ததாமே? கல்யாணமான புதிதில் அக்கா அதே மேட்டில் இறங்கி நடந்த வாரமே துளை போட்டு, இன்ஜினுக்கு வேகம் கூட ஸ்பிரிட்டும் தண்ணீரும் கலந்து உள்ளே விட அக்கா மடியில் ஒரு கைப்பம்பும் வைத்தீர்களாமே? ஸ்பானர் எடுத்துக் கொடுத்தது இவள்தானாம். எதையும் கழற்றப் போவதில்லை. பட்டனை அவள் பக்கம் மாற்றியாகிவிட்டது. காரை எடுக்க வருவதானால் பஸ்ஸில் வரவும். மேட்டில் தங்களைத் தாண்டும்போது கையசைக்கிறோம்.